கூர்மூலையில் ஏறிக்கொண்டே போகும் தகைவு: வாசகர் கேள்விகளும் பதில்களும்

இயந்திர உறுப்புகளை வடிவமைக்கப் பயன்படும் கணினிக் கருவிகள் குறித்து வாசகர்கள் அனுப்பியிருந்த கேள்விகளிலிருந்து சிலவற்றுக்கு இந்த இதழில் பதில் எழுதியிருக்கிறேன். ஒரே ஐயத்தைப் பலர் எழுப்பியிருந்த இடங்களில் கேள்விகளை ஒன்றாக்கியிருக்கிறேன்.

கேள்வி: காகிதத்தில் வரைந்ததை இப்போது திரையில் வரைகிறோம். அதைத் தவிர, கணினிவழி வடிவமைப்பு உண்மையில் எதை மாற்றியது? (இயந்திரவியல் முதலாண்டு மாணவர்)

பதில்: உங்கள் ஐயம் நியாயமானதே. 1982-இல் வெளிவந்த ஆட்டோகேட் போன்ற மென்பொருள்கள் பல அலுவலகங்களில் நெடுங்காலம் வரைபலகைக்கு மாற்றாக மட்டுமே, கோடும் வட்டமும் பிழையின்றி வரைவதற்கே பயன்பட்டன. ஆனால் இத்துறையின் மூலக்கருத்து அதற்கு ஏறத்தாழ இருபது ஆண்டுகளுக்கு முன்பே பிறந்துவிட்டது. 1963-இல் ஐவன் சதர்லண்ட் எம்.ஐ.டி.யில் தம் முனைவர் பட்ட ஆய்வாக அளித்த ஸ்கெட்ச்பேட் என்னும் நிரலில், ஒளிப்பேனாவால் இரண்டு கோடுகளைத் தோராயமாக இழுத்துவிட்டு, அவை இணையாக இருக்க வேண்டும் என்று விதித்தால், நிரலே அவற்றை இணையாக்கிவிடும். கோட்டை மட்டுமன்றிக் கோடுகளுக்கு இடையிலான உறவையும் கணினி நினைவில் வைத்துக்கொள்ளும் என்பதுதான் அதன் புதுமை.

அந்தக் கருத்து முப்பரிமாணத் திண்ம உருவங்களுக்கு முழுமையாக வந்து சேர்ந்தது 1980-களின் பிற்பகுதியில், ப்ரோ/எஞ்சினியர் வெளிவந்தபோது. இன்றைய இயந்திர வடிவமைப்பு மென்பொருள்கள் பெரும்பாலும் அந்த வழியையே பின்பற்றுகின்றன. அளவு என்பது உருவத்தின் மேல் எழுதி வைக்கும் குறிப்பாக இருந்த நிலை மாறி, உருவத்தையே ஆளும் மாறியாக ஆனது. ஒரு ஷாஃப்ட்டின் (சுழலும் தண்டின்) விட்டத்தை 40 மி.மீ.யிலிருந்து 45 மி.மீ.க்கு மாற்றினால், அதனுடன் உறவுபடுத்தியிருந்த கப்ளிங்கின் (இரு தண்டுகளை இணைக்கும் உறுப்பின்) துளையும் பேரிங் அமரும் இடமும் மூடியின் துளையும் தாமே மாறிவிடும்.

இங்கே ஒரு சிக்கலும் உண்டு. கீவேயின், அதாவது கீ என்னும் ஆப்பு அமரும் பள்ளத்தின், அகலத்தை விட்டத்தின் விகிதமாக உறவுபடுத்தியிருந்தால், 40 மி.மீ. ஷாஃப்ட்டுக்குரிய 12 மி.மீ. அகலம் 45 மி.மீ.க்கு 13.5 மி.மீ. என்று வந்து நிற்கும். அந்த அகலத்தில் நிலையான கீ எதுவும் கிடையாது. தர அட்டவணை 45 மி.மீ.க்கு 14 மி.மீ. என்றே சொல்கிறது. எந்த அளவை எதனோடு கட்ட வேண்டும், விகிதத்தோடா அட்டவணையோடா என்பதை மென்பொருள் அறியாது. அதை முடிவு செய்வதுதான் வடிவமைப்பு. திரையில் நடப்பது அதன் பதிவு.

கேள்வி: ஓர் எல்-வடிவ பிராக்கெட்டைப் பகுப்பாய்வு செய்தேன். உள்மூலையில் தகைவு (பொருளுக்குள் ஓர் அலகுப் பரப்பில் எழும் விசை) 180 மெகாபாஸ்கல் வந்தது. மெஷ்ஷின் (உருவத்தைப் பகுக்கும் கூறுகளின் வலை) அளவைப் பாதியாக்கினேன், 245 ஆனது. இன்னொரு முறை பாதியாக்கினேன், 335 ஆயிற்று. இவற்றுள் எந்த எண்ணை நம்புவது? (வடிவமைப்புப் பிரிவில் பணிக்குச் சேர்ந்து ஓராண்டான பொறியாளர்)

பதில்: மூன்றையும் நம்ப வேண்டாம். நான்காம் முறையும் நுணுக்கிப் பார்த்தால் ஏறத்தாழ 460 வரும். அதையும் நம்ப வேண்டாம்.

முடிவுறு கூறு முறை, அதாவது பணியிடத்தில் நாம் ஃபைனைட் எலிமென்ட் என்று சொல்லும் முறை, ஓர் உருவத்தைச் சிறு கூறுகளாகப் பகுத்து, ஒவ்வொரு கூறின் முனைகளிலும் உள்ள கணுக்களின் இடப்பெயர்ச்சியைக் கண்டுபிடித்து, அதிலிருந்து தகைவைக் கணக்கிடுகிறது. கூறுகள் சிறுத்துக்கொண்டே போகும்போது விடை உண்மையான மதிப்பை நெருங்கும் என்பது அதன் அடிப்படை எதிர்பார்ப்பு. அதற்கு உண்மையான மதிப்பு என்று ஒன்று இருக்க வேண்டுமல்லவா? நீங்கள் வரைந்த உள்மூலைக்கு வளைவே இல்லை, ஆரம் சுழியம். அத்தகைய மூலையில் மீள்மைக் கோட்பாடு தரும் தகைவு முடிவிலி. 90 பாகை உள்மூலை ஒன்றில் கூறின் அளவு பாதியாகும்தோறும் தகைவு ஏறத்தாழ 1.37 மடங்காக ஏறும் என்பதைக் கோட்பாட்டிலிருந்தே பெறலாம். உங்கள் மூன்று எண்களையும் வகுத்துப் பாருங்கள், அதே விகிதம் வரும். ஆக மென்பொருள் பிழை செய்யவில்லை. விடையில்லாத கேள்விக்கு விடை தேடி, கண்ணியமாக ஏறிக்கொண்டே போகிறது.

தட்டையான தகட்டில் உள்ள வட்டத் துளையை இதனுடன் ஒப்பிட்டுப் பாருங்கள். அகன்ற தகட்டை ஒரு திசையில் இழுக்கும்போது துளையின் விளிம்பில் தகைவு மூன்று மடங்காகும் என்று கிர்ஷ் 1898-இலேயே நிறுவினார். அங்கே மெஷ்ஷை நுணுக்கினால் விடை மூன்றை நோக்கிச் சென்று நின்றுவிடும், ஏனெனில் துளைக்கு ஆரம் உண்டு. புதிய மென்பொருள் ஒன்றைக் கையிலெடுக்கும்போது நான் முதலில் செய்து பார்ப்பது இந்தத் தகட்டைத்தான்.

உங்கள் பிராக்கெட்டுக்கு இரண்டு வழிகள் உள்ளன. அந்த மூலை உண்மையிலேயே ஆபத்தான இடம் என்று கருதினால், பட்டறையில் அது எந்த ஆரத்தோடு வெட்டப்படும் என்று கேட்டறிந்து அந்த ஃபில்லட்டை, அதாவது மூலையின் வளைவை, மாதிரியில் சேர்த்து, அதன் வளைவின் மேல் போதுமான கூறுகள் அமையும்படி மெஷ் செய்து, அடுத்தடுத்த இரு நுணுக்கங்களுக்கு இடையே விடை சில விழுக்காட்டுக்கு மேல் மாறவில்லை என்பதை உறுதி செய்துகொள்ளுங்கள். அந்த மூலை உங்கள் ஆய்வுக்குப் பொருட்டில்லை என்றால், அதன் தகைவைப் படிக்காமல் சற்றுத் தள்ளி உள்ள இடத்தின் தகைவைப் படியுங்கள். இரண்டாம் வழியைச் சோம்பேறித்தனத்துக்காகத் தேர்ந்தெடுப்போர் உண்டு. பிராக்கெட் மீண்டும் மீண்டும் சுமையேறி இறங்கும் இடத்தில் இருந்தால், களைப்பு விரிசல் தொடங்குவது பெரும்பாலும் அந்த உள்மூலையில்தான் என்பதால், அவ்வழியை நான் ஏற்கமாட்டேன்.

இதே நோய் வேறு உருவங்களிலும் வரும். ஒற்றைக் கணுவில் முழுச் சுமையையும் வைத்தாலும், ஓர் ஓரத்தை அசையாதபடி முழுதாகப் பிடித்துவைத்தாலும், அங்கே தகைவு இவ்வாறே ஏறும். பணியின் தொடக்க ஆண்டுகளில், நான்கு போல்ட்டுகளால் பொருத்தப்படும் ஒரு சட்டத்தின் பின்முகம் முழுவதையும் அசையாததாக விதித்து அறிக்கை எழுதியிருக்கிறேன். சோதனையில் அது கணக்கைப் போல இருமடங்குக்கு மேல் வளைந்தது. போல்ட்டுகளுக்கு இடையே தகடு விலகி எழும் என்பதை என் மாதிரி அறிந்திருக்கவில்லை. நான் அதைத் தடை செய்து வைத்திருந்தேன்.

கடைசியாக, பகுப்பாய்வைத் தொடங்குமுன் கையால் ஒரு கணக்கு போட்டுவிடுங்கள். 200 மி.மீ. நீளமும் 20 மி.மீ. அகலமும் 10 மி.மீ. தடிமனும் கொண்ட எஃகுப் பட்டையை ஒரு முனையில் பிடித்து மறுமுனையில் 100 நியூட்டன் சுமை வைத்தால், யங் குணகம் (பொருளின் விறைப்பைக் காட்டும் எண்) 200 கிகாபாஸ்கல் என்று கொண்டு, முனை 0.8 மி.மீ. தாழும், பிடித்த இடத்தில் வளைதகைவு 60 மெகாபாஸ்கல். இரண்டு நிமிட வேலை. இதே பட்டையைத் தடிமனுக்கு ஒரே அடுக்காக, நான்கு கணுக்கள் மட்டுமே கொண்ட எளிய நான்முகக் கூறுகளால் மெஷ் செய்து பாருங்கள். தாழ்வு அந்த 0.8-ஐவிட வெகுவாகக் குறைந்தே வரும். அக்கூறுகள் வளையத் தெரியாதவை, ஆகவே பட்டை இருப்பதைவிட விறைப்பாகத் தோன்றும். பக்கங்களின் நடுவிலும் கணுக்கள் கொண்ட பத்துக் கணு நான்முகங்களுக்கு மாறினால் விடை சரியாகிவிடும். கைக்கணக்கு இல்லையென்றால் இந்தப் பிழையை எப்படிக் கண்டுபிடிப்பீர்கள்? திரையில் வரும் படம் இரண்டு முறையும் ஒரே அழகோடுதான் இருக்கும்.

கேள்வி: இத்தகைய கணக்குகள் தவறிப்போய்ப் பெரிய விபத்து எதுவும் நிகழ்ந்ததுண்டா? (ஓய்வுபெற்ற ஆசிரியர்)

பதில்: உண்டு. அது இயந்திர உறுப்பு அல்ல, கடலில் நிற்கும் எண்ணெய் மேடையின் கான்கிரீட் அடித்தளம். ஆயினும் பிழையின் இயல்பு ஒன்றே என்பதால் இங்கே பொருந்தும். நார்வேயில் ஸ்லைப்னர் ஏ என்னும் மேடையின் அடித்தளத்தை 1991 ஆகஸ்ட் 23 அன்று நீரில் தாழ்த்திச் சோதித்துக்கொண்டிருந்தபோது, கான்கிரீட் அறைகள் மூன்று கூடும் இடத்திலிருந்த ஒரு சுவர் பிளந்து, முழு அமைப்பும் மூழ்கிப்போனது. உயிரிழப்பு இல்லை, பொருளிழப்பு சுமார் 70 கோடி டாலர் என்று கணக்கிடப்பட்டது.

அந்தச் சுவர்களின் பகுப்பாய்வுக்குப் பயன்பட்டது நாஸ்ட்ரான். நாசாவின் தேவைக்காக 1960-களில் எழுதப்பட்டு, விமானத் துறையில் நன்கு சோதிக்கப்பட்ட நிரல் அது. நிரலில் குற்றம் இல்லை. சுவர்கள் கூடும் இடத்தில் மெஷ் மிகப் பருமனாகவும் கூறுகள் சாய்ந்து கோணலாகவும் இருந்ததால், அங்கே வெட்டுத் தகைவு 47 விழுக்காடு குறைவாகக் கணக்கிடப்பட்டது. அதற்கேற்பச் சுவர் மெலிதாக அமைந்தது. கம்பிகளும் போதுமான நீளத்துக்கு இடப்படவில்லை. விபத்துக்குப்பின் கவனமாகச் செய்த பகுப்பாய்வு, 62 மீட்டர் நீரழுத்தத்தில் சுவர் உடையும் என்று காட்டியது. உண்மையில் அது உடைந்தது ஏறத்தாழ 65 மீட்டரில். அதே முறை, சரியாகக் கையாண்டபோது, மூன்று மீட்டர் வேறுபாட்டில் உண்மையைச் சொல்லிவிட்டது என்பது எனக்கு இன்றும் உறுத்தலான செய்தி.

கேள்வி: கியர், பேரிங், ஸ்பிரிங் ஆகியவற்றையும் முடிவுறு கூறு முறையால் ஆராய வேண்டுமா? (சிறுதொழில் நடத்துபவர்)

பதில்: பெரும்பாலும் வேண்டியதில்லை. நூறாண்டுக்கு மேலாகச் சோதித்துத் திரட்டிய அறிவு இவ்வுறுப்புகளுக்குச் சூத்திரங்களாகவும் தர ஆவணங்களாகவும் இருக்கிறது. கியர் பல்லின் வளைவலிமைக்கு லூயிஸ் தந்த சமன்பாடு 1892-ஐச் சேர்ந்தது. இன்று வழக்கிலுள்ள ஐ.எஸ்.ஓ. 6336 அந்தச் சிந்தனையைப் பல திருத்தக் காரணிகளோடு விரித்துச் சொல்வது. கிஸ்சாஃப்ட் போன்ற கணக்கீட்டு மென்பொருள்கள் செய்வது, இந்தத் தர ஆவணங்களின் நீண்ட கணக்கை நொடியில் முடித்துத் தருவதே. சிறு நிறுவனத்துக்குப் பகுப்பாய்வு மென்பொருளைவிட இத்தகைய கருவிதான் முதலில் பயன்படும் என்பது என் கருத்து.

பேரிங்குக்கு இன்னும் எளிது. பந்து பேரிங்கின் இயங்கு சுமைத்திறனைச் செயல்படும் சுமையால் வகுத்து, அந்த ஈவை மூன்றாம் அடுக்குக்கு உயர்த்தினால், பத்தில் ஒன்பது பேரிங்குகள் தாண்டக்கூடிய ஆயுள் பத்து லட்சம் சுழற்சிகளின் மடங்காகக் கிடைக்கும். சுமைத்திறன் 30 கிலோநியூட்டன், சுமை 3 கிலோநியூட்டன் என்றால் 100 கோடிச் சுழற்சிகள். நிமிடத்துக்கு 1500 சுழற்சி வேகத்தில் சுமார் 11,100 மணி நேரம். அதே பேரிங்கின் மேல் 6 கிலோநியூட்டன் விழுந்தால் ஆயுள் எட்டில் ஒரு பங்காகி, 1,400 மணிக்கும் குறைந்துவிடும். ஆகவே கருவியைத் தேடுவதைவிடச் சுமையைச் சரியாக அறிவதற்கு நேரம் செலவிடுங்கள். பெல்ட்டின் இழுவையைக் கணக்கில் சேர்க்க மறந்தவருக்கு எந்த மென்பொருளும் அதை நினைவூட்டாது.

கேள்வி: முப்பரிமாண மாதிரியையே நேராக, கணினியால் இயங்கும் சி.என்.சி. வெட்டு இயந்திரத்துக்கு அனுப்ப முடிகிறபோது, டாலரன்ஸ் (அளவில் அனுமதிக்கும் ஏற்ற இறக்கம்) குறித்த வரைபடம் இன்னும் எதற்கு? (டிப்ளமோ மாணவி)

பதில்: மாதிரியில் 25 மி.மீ. துளையும் 25 மி.மீ. ஷாஃப்ட்டும் துல்லியமாக ஒன்றே. அப்படி இரண்டை எந்தப் பட்டறையாலும் செய்துதர முடியாது. செய்தாலும் ஒன்றுக்குள் ஒன்று சுழலாது. எச்7/ஜி6 என்ற பொருத்தக் குறியீட்டை நீங்கள் குறித்தால், துளை 25.000 முதல் 25.021 மி.மீ. வரையிலும், ஷாஃப்ட் 24.980 முதல் 24.993 மி.மீ. வரையிலும் இருக்கலாம் என்று பொருள்; இடைவெளி மிகக் குறைந்தால் 7 மைக்ரான், மிகுந்தால் 41 மைக்ரான். உறுப்பு வேலை செய்யுமா என்பதை முடிவு செய்வது அந்த இடைவெளிதான். அது மாதிரியின் வடிவத்தில் எங்கும் தெரியாது.

டாலரன்ஸை வரைபடத்தாளில்தான் எழுத வேண்டும் என்ற கட்டாயம் இப்போது இல்லை. மாதிரியின் முகங்களோடே அதை இணைத்துவைக்கும் முறை வந்துவிட்டது. அளவிடும் இயந்திரமும் அதைப் படித்துக்கொள்ளும். தாள் போகலாம், டாலரன்ஸ் போகாது. அதை இறுக்கிக் குறிக்கும் ஒவ்வொரு முறையும் செய்செலவு ஏறுகிறது என்பதையும் நினைவில் வையுங்கள். எங்கே இறுக்கம் வேண்டாம் என்று தெரிந்தவரே நல்ல வடிவமைப்பாளர்.

கேள்வி: எங்களிடம் ஒரு மென்பொருள், வாடிக்கையாளரிடம் வேறொன்று. ஸ்டெப் கோப்பாக அனுப்பினால் உருவம் வருகிறது, ஆனால் அளவுகளை மாற்ற முடியவில்லை. கட்டணமில்லா மென்பொருளுக்கு எல்லாரும் மாறினால் இது தீருமா? (கருவி வடிவமைப்பாளர்)

பதில்: ஸ்டெப் என்பது ஐ.எஸ்.ஓ. 10303 என்ற தரம்; 1994 முதல் வெளிவருகிறது. முகங்களும் விளிம்புகளும் அவற்றின் கணித வரையறையும் நடைமுறையில் அதில் நம்பிக்கையாகக் கடந்து செல்கின்றன. எந்த வரிசையில், எந்த உறவுகளோடு அந்த உருவம் கட்டப்பட்டது என்ற வரலாறு செல்வதில்லை. கட்டிய வீட்டை ஒப்படைக்கலாம், கட்டிய முறையை ஒப்படைக்க முடியாது என்பதைப் போன்றது. ஒரே மென்பொருளின் இரண்டு பதிப்புகளுக்கு இடையிலேயே தொல்லை வரும்: ஏர்பஸ் ஏ380 விமானத்தின் மின்கம்பிக் கற்றைகள் பொருந்தாமல் 2006-இல் பெரும் தாமதம் ஏற்பட்டதற்கு, ஜெர்மனியிலும் பிரான்சிலும் உள்ள குழுக்கள் கேட்டியா என்னும் வடிவமைப்பு மென்பொருளின் வெவ்வேறு பதிப்புகளில் வேலை செய்தது ஒரு முக்கியக் காரணம்.

கட்டணமில்லா ஃப்ரீகேட் நல்ல கருவி. 2002-இல் தொடங்கி 2024 நவம்பரில்தான் 1.0 பதிப்பை எட்டியது. முன்கட்டத்தில் ஒரு துளையைச் சேர்த்தால் பின்கட்டத்து ஃபில்லட் வேறு விளிம்புக்குத் தாவிவிடும் நெடுநாள் குறையை அப்பதிப்பு பெருமளவு சரிசெய்திருக்கிறது. கற்பதற்கும் சிறு கருவிகளுக்கும் தயங்காமல் பயன்படுத்துங்கள். உங்கள் சிக்கலை அது தீர்க்காது. வாடிக்கையாளர் தம் மென்பொருளை உங்களுக்காக மாற்றிக்கொள்ளப் போவதில்லை.

கேள்வி: எலும்பைப் போலவும் மரக்கிளையைப் போலவும் தோன்றும் உறுப்புகளைக் கணினியே வடிவமைக்கிறது என்கிறார்கள். இனி வடிவமைப்பாளர் தேவையா? (பலர்)

பதில்: இடவியல் உகப்பாக்கம் என்று இதற்குப் பெயர், இதன் இன்றைய வடிவத்துக்கு அடித்தளமிட்ட ஆய்வுக் கட்டுரையை பென்ட்சோவும் கிகுச்சியும் 1988-இல் வெளியிட்டார்கள். இவ்வளவு இடம், இந்தச் சுமைகள், இந்தப் பிடிமானங்கள், பொருளில் மூன்றில் ஒரு பங்கு மட்டும் மிஞ்சலாம் என்று சொல்லிவிட்டால், மிகுந்த விறைப்பைத் தரும் பரவலைக் கணினி தேடித் தருகிறது. தேடல் உண்மையானது, சில வேளைகளில் அனுபவசாலிக்கும் தோன்றாத அமைப்பு கிடைக்கிறது.

ஆனால் சொன்ன சுமைக்கு மட்டுமே அது கட்டுப்பட்டது. கீழ்நோக்கிய சுமையை மட்டும் கொடுத்தால், பக்கவாட்டில் ஒருவர் கை ஊன்றினாலே வளையும் மெல்லிய கிளைகளைத் தயங்காமல் தரும்; ஏற்றி இறக்கும்போது படும் இடியை அது அறியாது. கத்தி நுழையும் திசை, வார்ப்பை அச்சிலிருந்து எடுக்கும் சரிவு போன்றவற்றையும் நாம்தான் நிபந்தனையாக விதிக்க வேண்டும். நான் அந்த உருவத்தை முன்வரைவாக வைத்துக்கொண்டு, வெட்டக்கூடிய வடிவத்தில் புதிதாக வரைந்து, அதை மறுபடி பகுப்பாய்வு செய்கிறேன். எடைக்குறைப்பில் கொஞ்சம் இழப்பேன், நிம்மதி கிடைக்கும்.

கேள்வி: பகுப்பாய்வுப் படத்தில் உறுப்பின் ஒரு பகுதி சிவப்பாக வந்ததால் வடிவமைப்பை நிராகரித்துவிட்டார்கள். சிவப்பு என்றால் உடையும் என்று பொருளா? (தரக்கட்டுப்பாட்டுப் பணியாளர்)

பதில்: இல்லை. பெரும்பாலான மென்பொருள்கள் தாமாக விடப்பட்டால், அந்தக் கணக்கில் வந்த மிகப் பெரிய மதிப்புக்குச் சிவப்பையும் மிகச் சிறியதற்கு நீலத்தையும் பூசும். பெரிய மதிப்பு வெறும் 5 மெகாபாஸ்கலாக இருந்தாலும் சிவப்புதான். உடையப்போகும் உறுப்பிலும் குறைந்த தகைவுள்ள பகுதி நீலம்தான். படத்தின் ஓரத்திலுள்ள அளவுகோலைப் படித்து, பொருளின் நெகிழ்வு வலிமையோடு (நிரந்தரமாக உருமாறத் தொடங்கும் தகைவோடு) ஒப்பிட்டுச் சொல்லுமாறு கேளுங்கள். கூடவே, பிடிமானங்களில் எழும் எதிர்விசைகளின் கூட்டுத்தொகை வைத்த சுமைக்குச் சமமாக இருக்கிறதா என்றும், திரையில் தெரியும் வளைவு எத்தனை மடங்கு பெரிதாக்கிக் காட்டப்பட்டது என்றும் கேளுங்கள். நிராகரித்தவர்களிடம் இம்மூன்றுக்கும் விடை இல்லையென்றால், அந்த நிராகரிப்பைத் திருப்பி அனுப்ப உங்களுக்கு முழு உரிமை உண்டு.